உங்களுக்கு அண்ணி

லாண்டரி அக்காவைப் பொறுத்தவரை அண்ணி என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். அவளுடைய சொந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள், பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி கட்டிக் கொடுப்பவள், அம்மா செத்த நாளிலிருந்து இவளுக்கு முகம் கொடுத்துப் பேசாதவள். வேறு அண்ணி அவளுக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த ஒரு சொல்தான் காரணம்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் தரம் பிரித்து, துவைக்கப் போட்டு, சூடான உருளை மெஷினில் தேய்த்து வெளியே வந்ததும் மடிக்க வேண்டும். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அந்தக் கூடத்தில் வருஷக்கணக்காக நின்றதில் விரிப்பைப் பார்த்தே கதை சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். இது பிரசவ வார்டு, இது எலும்பு முறிவு, இந்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை என்று கறையை வைத்தே சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனம்தான் அம்மா செத்த அன்று வாயைத் திறந்தது. அம்மா கடைசிக் காலத்தில் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள். இவள் லீவு நாளில் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அன்று தகவல் வந்து ஓடிப்போய் நின்றவள், அழுகைக்கு நடுவிலும் அம்மாவுக்குக் கீழே இருந்த விரிப்பைப் பார்த்தாள். பார்த்தது போதாதென்று, உறவு சனம் அத்தனையும் கூடியிருந்த அறையில் அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.

“ஷீட்ட மாத்தி எத்தன நாளாச்சு?”

அண்ணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், சமையலறைக்குள் போய்விட்டாள். அதோடு சரி. அதற்கு முன்னால் இவளை “வா, உக்காரு, சாப்டியா” என்று ஒருமையில் பேசிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு எங்கே எதிர்ப்பட்டாலும் “வாங்க” என்றாள், “சொல்லுங்க” என்றாள். வெளியாருக்குக் கொடுக்கிற மரியாதை. சண்டை போட்டிருந்தால்கூட லாண்டரி அக்கா தாங்கியிருப்பாள். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இருவரும் ஒரே சபைக்குத்தான் போனார்கள். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், ரப்பர் வாசனை, பிளாஸ்டிக் நாற்காலிகள். யார் சபையை விட்டுப் போவது என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம், ஆகவே யாரும் போகவில்லை. இவள் இடது பக்க ஓரம், அவள் வலது பக்க ஓரம். வாசலில் மோதிக்கொண்டால் ஒரு “ஸ்தோத்திரம்”. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்பேர்ப்பட்ட சங்கடத்தையும் தாண்டிவிடலாம். இவர்கள் நாத்தனாரும் அண்ணியும் என்பதே சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது, பாஸ்டருக்கும் தெரியாது. அந்தச் சபை அந்த லட்சணத்தில்தான் இருந்தது. எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், சிஸ்டர். யாரிடம் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டாலும் “கிருபையால நல்லா இருக்கோம்” என்று பதில் வந்துவிடும். வந்ததும் கேட்டவர் அடுத்த ஆளிடம் போய்விடலாம்.

இது இப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஒரு தம்பதியின் திருமண நாளை அறிவித்து, எழுந்து நிற்கச் சொல்லி, ஆசீர்வதிக்கக் கையையும் தூக்கிவிட்டார். யாரும் எழவில்லை. தூக்கிய கையோடு அவர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார். சபையே சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. வாரநாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கிற மனுஷன் அவர். ஒரு பிள்ளை ஏறாவிட்டால்கூட ஹாரன் அடித்து நிற்பவர். ஒரு குடும்பமே இறங்கிப் போனது தெரியாமல் வண்டி ஓட்டியிருக்கிறேனே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது.

அடுத்த வாரம் ஒரு ஏற்பாட்டோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் சபையில் ஒரு ஆள். வாரத்தில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும், பேச வேண்டும். போனதும் கண்ணை மூடி ஒரு ஜெபத்தைப் பண்ணிவிட்டு ஓடி வரக்கூடாது, அவர்களாகக் கேட்டால்தான் ஜெபம். யாருக்கு யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் பெருமையடிப்பு ஆரம்பித்துவிடும். இவ்வளவுதான் சட்டம். ஆராதனை முடிந்து எல்லோரும் படியிறங்கும்போது வாசலில் நின்று ஒவ்வொருவர் காதையும் கடித்தார். லாண்டரி அக்கா முறை வந்தது. பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு அண்ணி,” என்றார்.

அவளுக்குப் படி எது தரை எது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, இந்தப் பாஸ்டருக்கு யார் வத்தி வைத்தது என்று கணவனிடம் பாய்ந்தாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர் அதிர்ந்து பேசாத மனுஷர். யாரும் வைத்திருக்க மாட்டார்கள், ஆண்டவர்தான் வைத்திருப்பார் என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கு மேல் அவளால் வாதாட முடியவில்லை. மனுஷன் வைத்த வத்தி என்றால் அணைத்துவிடலாம். ஆண்டவர் பெயரைச் சொல்லி விட்டார்கள் என்றால் என்ன செய்வது? நாலு நாள் புழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் வேலை முடிந்து அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அண்ணி கதவைத் திறந்து, நின்றாள். ஏலக்காய் எசன்ஸ் வாசனை அவள் புடவையிலிருந்து வந்தது.

“வாங்க,” என்றாள்.

சாஸரோடு டீ வந்தது. அந்த வீட்டில் சாஸர் விருந்தாளிகளுக்கு மட்டும்தான். அண்ணன் ரேடியோவுக்கும் இவர்களுக்கும் நடுவில் முள்மேல் உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் சொன்னாரென்று வந்தேன் என்று இவள் சொன்னாள், அப்படியா என்று அவள் சொன்னாள். கேஸ் சிலிண்டர் தாமதமாக வருவதைப் பற்றிக் கொஞ்சம், வெயிலைப் பற்றிக் கொஞ்சம். உப்புச் சப்பில்லாத பேச்சு. அரை மணி நேரத்தை ஒப்பேற்றிவிட்டுத் தெருவுக்கு வந்ததும்தான் லாண்டரி அக்காவுக்கு மூச்சு வந்தது. கடமை முடிந்தது என்று நினைத்தாள். வாரா வாரம் என்று பாஸ்டர் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

போனாள். வைராக்கியத்துக்குப் போனாள், பிறகு பழக்கத்துக்குப் போனாள். ஒரு நாள் பேச ஒன்றுமில்லாமல் சலவைக் கூடத்துக் கதையை எடுத்தாள். தலையணை உறைக்குள் கையை விட்டபோது எவரோ ஒருவரின் பல்செட் அவள் விரலைக் கவ்விய கதை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கையை எடுத்துவிட்டும் சிரித்தாள். அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டு, அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் கிடைத்தாரா என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரம் டீ சாஸர் இல்லாமல் வந்தது. லாண்டரி அக்கா அதைக் கவனித்தாள். கண்ணில் நீர் முட்டியதை டீயின் சூட்டின் மேல் போட்டாள்.

ஆனாலும் “வாங்க” மட்டும் மாறவில்லை. சாஸர் போனாலும் அந்த ‘ங்க’ போகவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு “வா” வராதா என்று இவள் ஏங்கிப் போனாள். சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கும்போதெல்லாம் இதே யோசனை. எதிரில் நடந்து வருகிறவள் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் காதில் விழும்.

ஒரு நாள் இவள் போனபோது அண்ணி பேக்கரியிலிருந்து இன்னும் வரவில்லை. அண்ணன் மட்டும் இருந்தார். இரண்டு பெண்களுக்கு நடுவில் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மனுஷர், ஜன்னலைப் பார்த்தபடி தானாகப் பேசினார்.

“அன்னைக்குக் காலைலதான் அவ ஷீட்ட மாத்தினா. அம்மாவக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புது ஷீட்டா விரிச்சா. போற நேரத்துல அம்மாவுக்கு எல்லாம் வெளிய வந்துருச்சு. அதத் தொடைக்கக் கூட எங்களுக்கு நேரமில்ல. நீ வந்துட்ட.”

லாண்டரி அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆயிரம் ஆயிரமாக விரிப்பைப் பார்த்தவள், தன் அம்மாவின் விரிப்பைத் தப்பாகப் படித்திருக்கிறாள். அதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று அண்ணனைக் கேட்டாள். சொல்ல வேண்டாமென்று அவள்தான் சொன்னாள் என்றார் அவர். ஷீட்டைப் பற்றி விளக்கம் சொல்லித்தான் நான் யாரென்று உன் தங்கைக்குத் தெரிய வேண்டுமென்றால், அது தெரியாமலே இருக்கட்டும் என்றாளாம்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை, மன்னிப்புக் கேட்க வேண்டும். சொல்வதற்கென்றே ஒவ்வொரு வாரமும் கிளம்புவாள். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை டீயோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அண்ணி எதிரில் உட்கார்ந்து, “சொல்லுங்க” என்று அந்த மரியாதையோடு கேட்பாள். அந்த மரியாதைக்கு எதிரில் எதைச் சொல்வது? என்னைப் போல வாய் நீளமான ஆளாக இருந்தால் முதல் வாரமே காலில் விழுந்து ஊரைக் கூட்டியிருப்பேன். அவளுக்குச் சண்டை போடத்தான் வாய் வரும், சமாதானத்துக்கு வராது. அப்படிப்பட்டவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

ஒரு வருஷம் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், இனி மறைக்க வேண்டாம், யார் யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று சொல்லலாம் என்றார். சபை அதற்குள் ஆள் மாறிப் போயிருந்தது. ஹாலுக்குள் நுழைந்தால் “கிருபையால நல்லா இருக்கோம்” என்பது குறைந்து, மகளுக்கு வேலை கிடைத்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பேச்சு கேட்டது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ரிட்டயர் ஆன நர்சம்மா ஒருத்தி எழுந்தாள்.

“எனக்குப் பேக்கரி அக்கா,” என்றாள்.

லாண்டரி அக்கா திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் நான் யார்? ஒரு ஆளுக்கு இரண்டு பேரா? அவள் யோசித்து முடிப்பதற்குள், இன்னும் யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்டார். முன் வரிசையில் கீபோர்டு வாசிப்பவரின் மனைவி எழுந்தாள். எப்போதும் சிரித்த முகம், எந்த வேலைக்கும் முதல் ஆள். அவள் புருஷனைச் சபையே அண்ணன் என்று கூப்பிடுவதால் அவள் சபைக்கே அண்ணி. லாண்டரி அக்காவைவிடப் பல வருஷம் சின்னவள் என்பதால் இவள் ஒருத்திக்கு மட்டும் அவள் தங்கச்சி.

“எனக்கு யாரும் வரல பாஸ்டர்,” என்றாள் அவள், சிரித்துக்கொண்டேதான். “வருவாங்க வருவாங்கன்னு இருந்தேன். பரவால்ல.”

சொல்லிவிட்டு, அவசர வேலை இருப்பது போலப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பாஸ்டர் குழம்பிப் போய் லாண்டரி அக்காவைப் பார்த்தார். உங்களிடம் அண்ணி என்று சொன்னேனே அக்கா என்றார்.

சபையில் எத்தனையோ தடவை அந்தப் பெண்ணை அண்ணி என்று கூப்பிட்டது இவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் எது மனசை உறுத்திக்கொண்டிருக்கிறதோ அதுதானே முதலில் கேட்கும். ஆண்டவர் அனுப்பினார் என்று ஒரு வருஷமாகப் போனது, காது அனுப்பிய பயணம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த நேரத்தில் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோமே என்றுதான் நினைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் அண்ணி நின்றிருந்தாள். நர்சம்மா வாரா வாரம் வந்துகொண்டிருந்தாள் என்றால் இவள் வழி தவறி வருகிறாள் என்று அண்ணிக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று லாண்டரி அக்கா கேட்டாள்.

“சொன்னா நீங்க வர மாட்டீங்க,” என்றாள் அண்ணி. கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதனால அந்தப் புள்ள வீட்டுக்கு யாரும் போகாமப் போச்சு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்.”

வீடு எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் அண்ணி, யாருக்கும் விலாசம் தெரியாது. கடைசியில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனிடமே கேட்டார்கள். அவர் வழி சொன்னார், சொல்லிவிட்டு, வீடு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்று தயங்கினார்.

மாடி வீடு. கதவு திறந்தேதான் இருந்தது. அந்தப் பெண் இவர்கள் இருவரையும் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்து, ஸ்தோத்திரம், கிருபையால நல்லா இருக்கோம் என்று ஆரம்பித்தாள். பாதியில் முகம் கோணி அழுதாள். லாண்டரி அக்கா கேட்காமலே உள்ளே போனாள். உள் அறையில் கட்டிலில் ஒரு வயதான அம்மாள் கிடந்தாள். கண் மட்டும் அசைந்தது. கீபோர்டுக்காரரின் தாய். அம்மா நல்லா இருக்காங்களா என்று வாசலில் பல பேர் கேட்டிருக்கிறார்கள். கிருபையால நல்லா இருக்காங்க என்று அவளும் சொல்லியிருக்கிறாள். ஆராதனை முடியும் முன்னே வாரா வாரம் அவள் ஓடுவது இங்கேதான். அந்த அறைக்கு வந்த முதல் வெளி ஆட்கள் இவர்கள்.

கட்டிலில் கிடந்த விரிப்பு நனைந்து, நிறம் மாறி இருந்தது. வாடை வந்தது. லாண்டரி அக்காவின் கண் அதில் போய் நின்றதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

“காலைலதான் மாத்தினேன்க்கா,” என்றாள். “சத்தியமா காலைலதான்.”

“தெரியும்மா,” என்றாள் லாண்டரி அக்கா.

அந்தச் சொல் வெளியே வந்ததும் அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது. அவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

“அன்னைக்கும் காலைலதான் மாத்தியிருந்தீங்க. நாலு பேருக்கு முன்னாடி நாக்கு கூசாமக் கேட்டுட்டேன். என்ன மன்னிச்சிருங்க அண்ணி.”

அண்ணி அழுதாளா என்றால் அழவில்லை. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வேண்டாம்க்கா வேண்டாம்க்கா என்று தடுத்த பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்தாள். வெந்நீர் வைத்தார்கள், அந்த அம்மாளைத் துடைத்தார்கள், புரட்டினார்கள். அலமாரியில் துவைத்து வைத்த விரிப்பு ஒன்று இருந்தது. அண்ணி அதை எடுத்து ஒரு பக்கத்து முனைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை லாண்டரி அக்காவிடம் நீட்டினாள்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கற? அந்தப் பக்கம் போ. முனையப் பிடி,” என்றாள்.